பல்கலைக்கழகத் தமிழ் மின்னுள்ளடக்கமும் அணுகல்தன்மையும்

ஆய்வுச்சுருக்கம்

பல்கலைக்கழகங்களில் பாடக்குறிப்பு, வினாத்தாள், ஆய்வேடு, இதழ்க்கட்டுரை, அறிவிப்பு ஆகியன பெரும்பாலும் மின்வடிவம் பெற்றுவிட்டன. எனினும் மின்வடிவம் பெற்ற ஒன்று எல்லார்க்கும் எட்டிவிடுவதில்லை. கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும் பக்கம், திரைவாசிப்பானுக்குப் பொருளற்ற எழுத்துக் குவியலாகவோ வெறும் படமாகவோ அமைந்துவிடுவது தமிழ் மின்னாவணங்களில் காணப்படும் தனிச் சிக்கலாகும். குறியேற்றம், கோப்பு வடிவம், எழுத்துத் தேர்வு, ஆவணக் கட்டமைப்பு ஆகிய நிலைகளில் இச்சிக்கல் எவ்வாறு தோன்றுகின்றது என்பதையும், எழுதுவோரும் பல்கலைக்கழகமும் அதனை எவ்வாறு களையலாம் என்பதையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்

அணுகல்தன்மை, திரைவாசிப்பான், ஒருங்குகுறி, ஆய்வேடு, மாற்றுத்திறனாளிகள், மாற்றுரை

முன்னுரை

ஆய்வு மாணவர் ஒருவர் தம் தலைப்பைத் தெரிவு செய்தவுடன் மேற்கொள்ள வேண்டிய முதற்பணி முன்னாய்வுகளைத் தேடிப் படிப்பதாகும். பார்வையுள்ள மாணவர்க்கு இது காலமும் உழைப்பும் வேண்டும் பணி. பார்வையற்ற மாணவர்க்கோ, பல வேளைகளில், பிறர் ஒருவர் அருகிலிருந்து படித்துக் காட்டினாலன்றித் தொடங்கவே இயலாத பணி. அவரிடம் கணினியும் திரைவாசிப்பு மென்பொருளும் உள்ளன. தேவையான ஆய்வேடும் இணையத்தில் உள்ளது. இவ்வளவும் இருந்தும் அந்த ஆய்வேடு அவருக்கு எட்டவில்லையெனில், தடை எங்குள்ளது என்று ஆராய்வது இன்றியமையாதது. அத்தடை மாணவரின் உடற்குறையில் இல்லை. ஆய்வேடு தட்டச்சு செய்யப்பட்ட முறையிலும் கோப்பாக மாற்றப்பட்ட முறையிலும் உள்ளது. ஆகவே, அதனை நீக்கும் பொறுப்பும் பெரும்பகுதி எழுதுவோரையும் வெளியிடுவோரையும் சார்கின்றது.

அணுகல்தன்மை – விளக்கம்

உடல், புலன், அறிதிறன் ஆகியவற்றில் வேறுபாடுடைய அனைவரும் ஓர் உள்ளடக்கத்தைப் பெற்று, புரிந்துகொண்டு, பயன்படுத்தும்படி அமைந்திருத்தலே அணுகல்தன்மை எனப்படும். இதற்கான உலகளாவிய அளவுகோலாக விளங்குவது உலகளாவிய வலைச் சேர்த்தியம் வெளியிட்டுள்ள இணைய உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டி நெறிகளாகும். 1999இல் முதற்பதிப்பும், 2008இல் 2.0 பதிப்பும், 2018இல் 2.1 பதிப்பும், 2023இல் 2.2 பதிப்பும் வெளிவந்தன. 2.0 பதிப்பு முதலாக இந்நெறிகள் நான்கு அடிப்படைகளின்மேல் அமைந்துள்ளன. உள்ளடக்கம் புலன்களால் உணரத்தக்கதாகவும், விசைப்பலகை முதலிய பல வழிகளால் இயக்கத்தக்கதாகவும், புரிந்துகொள்ளத்தக்கதாகவும், வெவ்வேறு கருவிகளும் பிழையின்றிக் கையாளத்தக்க உறுதியுடையதாகவும் இருத்தல் வேண்டும் என்பன அவை.

பார்வையற்றோர் மட்டுமே இதன் பயனாளர் என்று கருதுவது பொருந்தாது. குறைபார்வையுடையோர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பர். செவித்திறன் குறைந்தோர்க்கு விரிவுரைக் காணொலியின் பேச்சு எழுத்து வடிவில் வேண்டும். கை இயக்கம் குறைந்தோர் சுட்டியைத் தவிர்த்து விசைப்பலகையால் மட்டும் பக்கங்களைக் கையாள்வர். வாசிப்புக் குறைபாடுடையோர் எழுத்தைப் பார்த்துக்கொண்டே ஒலியையும் கேட்பர்.

திரைவாசிப்பான் என்பது திரையிலுள்ள எழுத்தைப் பேச்சாக மாற்றும் மென்பொருள். 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பெற்ற என்விடிஏ இவ்வகையில் இலவசமாகக் கிடைப்பது. ஈஸ்பீக் ஒலிப்பொறியின் துணையுடன் தமிழையும் வாசிக்க வல்லது. இம்மென்பொருள் எழுத்தின் உருவத்தைப் பார்ப்பதில்லை. உருவத்தின் பின்னுள்ள குறியெண்ணையே படிக்கின்றது. பிரெயில் புள்ளிகளை உயர்த்திக் காட்டும் மின்கருவியும் இவ்வாறே இயங்குகின்றது. பின்வரும் பகுதிகளில் விளக்கப்பெறும் சிக்கல்கள் பலவற்றுக்கும் இதுவே அடிப்படை.

சட்டப் பின்புலம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் இயற்றப்பெற்று, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கின்றது. அரசு உயர்கல்வி நிறுவனங்களும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களும் 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடுடையோர்க்கு 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களை ஒதுக்க வேண்டும் என்று இதன் 32ஆம் பிரிவு கூறுகின்றது. ஒலி, அச்சு, மின்னூடகம் ஆகியவற்றிலுள்ள உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் கிடைப்பதற்கு அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது 42ஆம் பிரிவு. இவ்விரு பிரிவுகளையும் இணைத்து நோக்குதல் வேண்டும். இடம் ஒதுக்கிச் சேர்த்துக்கொண்ட மாணவர்க்குப் பாடநூலும் ஆய்வேடும் எட்டாதிருப்பின், சேர்க்கை பெயரளவினதாகவே நின்றுவிடும்.

பல்கலைக்கழக மானியக் குழு உயர்கல்வி நிறுவனங்களுக்கான அணுகல்தன்மை வழிகாட்டுதல்களை 2022இல் வெளியிட்டது. 2024 நவம்பர் 8 அன்று இராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல்தன்மை நெறிகளை வெறும் பரிந்துரைகளாக நிறுத்தாமல் கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய அடிப்படை விதிகளை வகுக்குமாறு ஒன்றிய அரசைப் பணித்தது. 2025 ஏப்ரல் 30 அன்று வழங்கிய மற்றொரு தீர்ப்பில், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பில் அடங்கும் வாழ்வுரிமையின் கூறு என்று அந்நீதிமன்றம் கூறியது.

நூல்களை அணுகத்தக்க வடிவிற்கு மாற்றுவது பதிப்புரிமைக்கு முரணாகும் என்னும் ஐயம் நூலகங்களில் எழுவதுண்டு. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்யப்பெற்ற திருத்தம், மாற்றுத்திறனாளிகளின் பயன்பாட்டிற்காக இலாப நோக்கின்றி இவ்வாறு மாற்றுவதற்கு இடமளிக்கின்றது. இதே நோக்குடன் 2013இல் உருவான மராக்கேசு உடன்படிக்கையை உலகில் முதலாவதாக 2014இல் உறுதிசெய்த நாடு இந்தியாவே. எனவே சட்டத்தின் வழி திறந்தே உள்ளது.

குறியேற்றச் சிக்கல்

ஒருங்குகுறி பரவலாவதற்கு முன்னர், தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்து உருவாக்கப்பெற்றன. ஒவ்வோர் எழுத்துருக் குடும்பமும் தனக்கென ஒரு வரிசையைக் கொண்டிருந்தது. இவ்வேறுபாட்டைக் களைய 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டின் வழியாக டாம், டாப் என்னும் குறியேற்றங்கள் உருவாயின. டிஸ்கி என்னும் குறியேற்றமும் புலம்பெயர் தமிழரிடையே வழங்கியது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குகுறியையும், அதற்கு இடமில்லாத சூழல்களுக்கு டேஸ்16 குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது.

அறிவிப்பு வந்த பின்னரும் பழைய எழுத்துருக்கள் முற்றிலும் மறையவில்லை. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பெற்ற ‘தமிழ்’ என்னும் சொல்லை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். திரையில் அது தமிழாகவே தோன்றும். கோப்பினுள்ளோ ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே உள்ளன. திரைவாசிப்பான் அவற்றைத்தான் படிக்கும். முந்நூறு பக்க ஆய்வேடு முழுவதும் இவ்வாறு அமைந்திருப்பின், கேட்பவர்க்கு அதில் ஒரு சொல்லும் கிட்டாது.

இதனைத் திருத்த எழுத்துரு மாற்றிகள் உள்ளன. அவற்றைப் பயன்படுத்துங்கால் ஒன்றில் கருத்துச் செலுத்துதல் வேண்டும். பழைய எழுத்துருவில் அமைந்த தமிழும், ஆங்கிலத்திலேயே எழுதப்பெற்ற மேற்கோள்களும் நூற்பெயர்களும் குறியெண் அளவில் வேறுபாடற்றவை. கோப்பு முழுவதையும் ஒருங்கே மாற்றினால் ஆங்கிலப் பகுதிகள் பொருளற்ற தமிழெழுத்துகளாக மாறிவிடும். எழுத்துருப் பெயரைக் கொண்டு பகுதிகளைப் பிரித்தறிந்து மாற்றி, பின்னர் ஒருமுறை மெய்ப்புப் பார்த்தலே முறையாகும்.

பட வடிவக் கோப்புகள்

முனைவர்ப்பட்ட ஆய்வேடுகளின் மின்படியைப் பெற வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதித்தது. அதன் பயனாகச் சோத்கங்கா தளத்தில் ஆய்வேடுகள் பெருமளவில் சேர்ந்துள்ளன. இத்தகைய சேமிப்பகங்களில் உள்ள தமிழ்க் கோப்புகளில் அச்சுப்படியை வருடிப் படமாக ஏற்றியவையும் உண்டு. படத்தில் எழுத்தின் தோற்றம் மட்டுமே உள்ளது, எழுத்து இல்லை. திரைவாசிப்பான் அப்பக்கத்தை வெற்றுப் பக்கமாகவே அறிவிக்கும். இங்குத் தேடல் வசதியும் இல்லை.

கணினியில் தட்டச்சு செய்து அச்சிட்ட ஆய்வேட்டை, மீண்டும் வருடிப் படமாக்கிச் சேர்ப்பது வருந்தத்தக்க நடைமுறையாகும். கையொப்பமிட்ட சான்றிதழ்ப் பக்கத்தைச் சேர்க்கும் பொருட்டு ஆய்வேடு முழுவதும் படமாக்கப்படுவதுண்டு. அப்பக்கத்தை மட்டும் படமாக இணைத்து, ஏனையவற்றை எழுத்துக் கோப்பாகவே அளிக்க இயலும்.

பழைய அச்சு நூல்களுக்கு எழுத்துணரி மென்பொருள்கள் துணைசெய்யும். டெசராக்ட் போன்ற திறந்தமூல எழுத்துணரிகள் தமிழையும் அறியும். ஆயினும் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்தைய ணை, லை, னை, றா முதலிய வடிவங்களிலும், மங்கிய அச்சிலும் பிழைகள் நேரக்கூடும். எனவே எழுத்துணரியின் வெளியீட்டை மெய்ப்புப் பார்க்காமல் இறுதிப் பாடமாகக் கொள்ளலாகாது.

பிடிஎஃப் கோப்பில் கொம்பின் இடம்

ஒருங்குகுறியில் தட்டச்சு செய்த ஆவணமும் பிடிஎஃப் ஆக மாறும்போது சிதைவதுண்டு. தமிழில் எ, ஏ, ஐ ஆகியவற்றுக்குரிய துணைக்குறிகள் மெய்க்கு இடப்புறம் எழுதப்படுகின்றன. ஒ, ஓ, ஔ ஆகியவற்றுக்குரியவை மெய்யின் இருபுறமும் அமைகின்றன. ஒலிப்பிலோ மெய்யே முதலில் வரும். ஒருங்குகுறி ஒலிப்பு முறையைப் பின்பற்றி மெய்யை முன்னும் குறியைப் பின்னும் சேமிக்கின்றது. எழுத்துருவே திரையில் கொம்பை முன்னே கொண்டுவந்து காட்டுகின்றது.

பிடிஎஃப் கோப்பு பக்கத்தின் தோற்றத்தைக் காப்பதற்காக உருவானது. ஆதலின், உரிய குறிப்பின்றி உருவாக்கப்பெற்ற கோப்பில் எழுத்துகள் தோற்ற வரிசையிலேயே அமைந்துவிடும். ‘தொல்காப்பியம்’ என்னும் சொல்லின் முதலெழுத்து கொம்பு, தகரம், கால் என மூன்றாகச் சிதறும். திரைவாசிப்பான் அதனைச் சொல்லாகப் படிக்க இயலாது. அதே கோப்பில் ‘தொல்காப்பியம்’ என்று தேடும் பார்வையுள்ள ஆய்வாளர்க்கும் விடை கிட்டாது. ஆய்வேடு முழுவதும் தொல்காப்பியம் பற்றியதாக இருக்கலாம். தேடல் பெட்டி அச்சொல் இல்லை என்றே கூறும்.

பிடிஎஃப் உடன் அதன் மூலக்கோப்பையும், அதாவது சொற்செயலிக் கோப்பு, வலைப்பக்கம், மின்னூல் ஆகியவற்றுள் ஒன்றையும் சேர்த்து வெளியிடுதல் இதற்குரிய எளிய தீர்வாகும். பிடிஎஃப் மட்டுமே இயலுமெனில், கட்டமைப்புக் குறிகளுடன் கூடிய பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்து, எழுத்து வரிசை சிதையாதிருப்பதைச் சோதித்தல் வேண்டும். அணுகத்தக்க பிடிஎஃப் கோப்பிற்கென 2012இல் தனிப் பன்னாட்டுத் தரமும் வெளியிடப்பெற்றுள்ளது.

ஒத்த வடிவ எழுத்துகள்

தோற்றத்தால் ஒத்து, குறியெண்ணால் வேறுபடும் எழுத்துகள் தமிழில் உள்ளன. இவற்றை மாற்றித் தட்டச்சு செய்தால் கண் பிழையை அறியாது. செவி உடனே அறியும்.

ஔகாரம் இதற்கு முதற்சான்று. ‘ஔவையார்’ என்பதை ஔ என்னும் ஓரெழுத்தால் தொடங்காமல், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு ‘ஒளவையார்’ என எழுதுவது மிகுதி. திரைவாசிப்பான் அதனை ஒகரம், ளகரம் எனப் பிரித்தே ஒலிக்கும். தரவுத்தளத்திலோ ஒரே புலவர் இருவராகிவிடுவார்; ஒரு பெயரில் தேடுவோர்க்கு மற்றதில் உள்ள கட்டுரைகள் கிட்டா. ‘கௌரவம்’ என்பதைக் கொம்பும் ளகரமும் கொண்டு ‘கெளரவம்’ என எழுதுவதும் இத்தகையது.

ரகர ஒற்றுக்கு மாற்றாகக் காலின்மேல் புள்ளியிடுவது இரண்டாவது. ‘அவர்’ என்பது ‘அவா்’ என அமைந்தால், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும் பின்னதில் ரகரம் இல்லாமையால், கேட்பவர் செவியில் ‘அவா’ என்று விழக்கூடும். பொருளே வேறாகிவிடும். க, உ, எ ஆகிய எழுத்துகளைத் தமிழ் எண்களான ௧, ௨, ௭ ஆகியவற்றின் இடத்தில் பயன்படுத்துவதும் இவ்வகைப் பிழையே. சொற்செயலியின் தேடி மாற்றும் வசதியால் இவை பெரும்பாலும் விரைவில் திருத்தத்தக்கவை.

ஆவணக் கட்டமைப்பு

பார்வையுள்ளோர் தலைப்புகளைக் கண்ணால் துழாவி வேண்டிய பகுதியை அடைவர். திரைவாசிப்பானைப் பயன்படுத்துவோர் ஒரு விசையால் தலைப்பிலிருந்து தலைப்பிற்குத் தாவுவர். இதற்குத் தலைப்புகள் சொற்செயலியின் தலைப்புப் பாணியில் அமைந்திருத்தல் வேண்டும். எழுத்தைத் தடிப்பாக்கிப் பெரிதாக்கினால் மட்டும் அது கருவிக்குத் தலைப்பாகாது. ஆவணத்தின் மொழி தமிழ் என்று குறித்தலும் தேவை. ஆங்கிலம் என்று குறிக்கப்பெற்ற ஆவணத்தில் ஆங்கிலக் குரலே ஒலிக்க, தமிழ்ப் பகுதி விடுபடவோ சிதையவோ நேரும்.

இலக்கியப் பாடங்களுக்குச் சில தனிக் கவனங்கள் வேண்டும். செய்யுட் பதிப்புகளில் வலப்புறம் இடப்படும் 5, 10, 15 என்னும் அடியெண்கள் எழுத்தோட்டத்தில் கலந்துவிட்டால், செய்யுளின் நடுவே எண்களும் வாசிக்கப்படும். சீர் பிரித்த பாடத்தில் சொற்கள் சீருக்கேற்ப உடைவதால் பொருள் செவியில் தெளிவாக விழாது. யாப்புப் பயிலுதற்குச் சீர் பிரித்த பாடமும், பொருள் உணர்தற்குச் சொல் பிரித்த பாடமும் தனித்தனியே தரப்பெற்றால் எல்லா மாணவர்க்கும் பயன் விளையும். மூலம், உரை, உரையாசிரியர் மேற்கோள் ஆகியவற்றை எழுத்தின் தடிப்பாலோ வண்ணத்தாலோ மட்டும் வேறுபடுத்தாமல், சொல்லாலும் தலைப்பாலும் சுட்டுதல் வேண்டும். பாடவேறுபாட்டுக் குறிப்புகளைச் சொற்செயலியின் அடிக்குறிப்பு வசதியால் அமைத்தால், வாசகர் குறிப்பிற்குச் சென்று விட்ட இடத்திற்கே மீள இயலும்.

அட்டவணைகளில் முதல் வரிசையைத் தலைப்பு வரிசையாகக் குறிக்க வேண்டும். இணைப்புகளில் ‘இங்கே சொடுக்கவும்’ என்பதைத் தவிர்த்து, ‘பருவத்தேர்வுக் கால அட்டவணை’ என்பதுபோல் செல்லுமிடத்தின் பெயரைத் தருதல் நன்று.

படமும் காணொலியும்

படத்திற்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் சிறு விளக்கம் மாற்றுரை எனப்படும். ‘ஓலைச்சுவடியின் படம்’ என்னும் மாற்றுரையால் ஆய்வாளர்க்குப் பயனில்லை. கட்டுரையில் அப்படம் எதற்குச் சான்றாகின்றதோ அதனைக் கூற வேண்டும். ‘ஓலையின் வலப்புறம் சிதைந்துள்ளது, மூன்றாம் வரியின் இறுதியில் இரண்டு எழுத்துகள் இல்லை’ என்பதுபோல் அமையும் மாற்றுரை, படத்தைக் காணாதவரையும் விவாதத்தில் பங்குகொள்ளச் செய்யும். அழகுக்கு மட்டும் இடப்பெற்ற படத்தை அவ்வாறே குறித்துவிட்டால் திரைவாசிப்பான் அதனைக் கடந்து செல்லும்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாடு, ஏஏ நிலைப்படி, இயல்பான அளவு எழுத்துக்கு 4.5:1 என்னும் விகிதத்திற்குக் குறையலாகாது. விரிவுரைக் காணொலிகளுக்குத் தமிழில் வசன வரிகள் வேண்டும். தானியங்கியாக உருவாகும் வரிகளில் புலவர் பெயர்களும் இலக்கணக் கலைச்சொற்களும் சிதைவது இயல்பாதலின், ஆசிரியர் அவற்றைத் திருத்தி வெளியிடுதல் நன்று.

பல்கலைக்கழகத்தின் பொறுப்பு

தனி ஆசிரியரின் முயற்சி அவருடைய கோப்புகளோடு நின்றுவிடும். நிறுவன விதியே அதனை நிலைபெறச் செய்யும். பழைய கோப்புகளின் பெருக்கைக் கண்டு மலைப்பதற்கு மாறாக, பணியை மூன்றாக வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, புதியவற்றில் பிழை நேராமல் காத்தல். ஆய்வேடு ஒப்படைக்கும் விதிகளில் பக்க ஓரமும் வரி இடைவெளியும் நுணுக்கமாகக் குறிக்கப்படுகின்றன. அவ்விடத்திலேயே ஒருங்குகுறி, தலைப்புப் பாணி, மாற்றுரை, மூலக்கோப்பு ஆகிய நான்கையும் சேர்த்துவிட்டால் போதும். ஆய்வியல் நெறிமுறைப் பாடத்திலும் இதற்கு இடமளிக்கலாம். இரண்டாவது, பழையவற்றைத் தேவை கருதி மாற்றுதல். பாடத்திட்டத்திலுள்ள நூல்கள் முதலிலும், மாணவர் கேட்கும் ஆய்வேடுகள் அடுத்தும், ஏனையவை பின்னும் மாற்றப்பெறலாம். இதற்கெனப் பொறுப்பாளர் ஒருவர் நூலகத்தில் இருத்தல் வேண்டும். மாற்றிய கோப்பைச் சேமித்துப் பகிர்ந்தால் ஒரே நூலுக்குப் பல இடங்களில் மீண்டும் உழைக்க வேண்டுவதில்லை. அச்சைப் படிக்க இயலாதோர்க்கென 2016இல் தொடங்கப்பெற்ற சுகம்யா புத்தகாலயா இணைய நூலகம் இவ்வகைப் பகிர்வுக்கு முன்மாதிரி. மூன்றாவது, சோதித்தல். தானியங்கிச் சோதனைக் கருவிகள் மாற்றுரை உள்ளதா என்பதைக் கூறும். அது பொருத்தமானதா என்பதைக் கூறா. திரைவாசிப்பானை நாள்தோறும் பயன்படுத்தும் மாணவர்களையே உரிய மதிப்பூதியத்துடன் சோதனையாளர்களாக ஈடுபடுத்துதல் சிறந்தது.

எழுதுவோர் தாமே செய்துகொள்ளத்தக்க எளிய சோதனையும் உண்டு. கோப்பிலிருந்து ஒரு பத்தியைப் படியெடுத்து, வடிவமைப்பற்ற வெற்றுரைச் செயலியில் ஒட்டிப் பார்த்தல் வேண்டும். எழுத்துகள் அவ்வாறே வந்தால் முதற்படி நிறைவேறியது. ஆங்கில எழுத்துகள் வந்தால் குறியேற்றமும், கொம்புகள் இடம் மாறினால் பிடிஎஃப் ஆக்கமும் திருத்தப்பெற வேண்டியவை. எதையும் படியெடுக்கவே இயலாவிடில் அக்கோப்பு பெரும்பாலும் படமாகவே இருக்கும்.

முடிவுரை

தமிழ் மின்னாவணங்களில் அணுகல்தன்மைக்குத் தடையாக நிற்பவை குறியேற்றம், படமாக்கல், எழுத்து வரிசைச் சிதைவு, ஒத்த வடிவப் பிழை, கட்டமைப்பின்மை ஆகியன. இவற்றுள் பெரும்பாலானவை எழுதும் வேளையிலேயே தவிர்க்கத்தக்கவை; அதற்குப் பொருட்செலவு மிகுதியாகத் தேவைப்படுவதில்லை. எழுதிய பின் திருத்துவதற்கோ பன்மடங்கு உழைப்பு வேண்டும். இத்தடைகளால் பார்வையற்ற மாணவர் வாசிப்பையே இழக்கின்றார். பார்வையுள்ள ஆய்வாளர் தேடலையும் சொல்லடைவையும் தரவகத்தையும் இழக்கின்றார். ஓர் ஆய்வேடு எழுதப்படுவது அடுத்த ஆய்வாளர் படிப்பதற்காக. அவ்வடுத்த ஆய்வாளர் கண்ணால் படிப்பவராகவும் இருக்கலாம். செவியாலோ விரலாலோ படிப்பவராகவும் இருக்கலாம். அவர் யாராயினும் படிக்கும்படி ஆய்வேட்டை அமைத்துத் தருதல் ஆய்வு நெறியின் ஒரு பகுதியாகவே கொள்ளத்தக்கது.